கார் தன் முகவரியை மாற்றிக்கொண்டே போனால் அதைப் பின்தொடர முடியாதா?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் வாங்க நினைக்கும் காரில், சுற்றியுள்ள வண்டிகளோடு ரேடியோ வழியாகப் பேசிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அந்த ரேடியோ தன்னை அடையாளம் காட்டும் எண்ணான முகவரி சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிவிடும், எனவே யாரும் பின்தொடர முடியாது என்கிறார் விற்பனையாளர். அதெல்லாம் சும்மா, முகவரி மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் உங்கள் நண்பர். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முகவரி மாற்றம் என்ற ஏற்பாடு தொழில்நுட்ப அளவில் பலிக்கிறதா என்பது ஒன்று. பலிக்காவிட்டால் நீங்கள் கவலைப்பட வேண்டுமா என்பது இன்னொன்று. முதலாவதில் நண்பர் பக்கம்தான் நியாயம் கூடுதல். இரண்டாவதில் அவர் தவறான ரேடியோவைச் சுட்டிக்காட்டுகிறார் என்று நினைக்கிறேன்.

வண்டிகளில் பொருத்தும் ரேடியோப் பெட்டிகள் காற்றில் விடும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, பிடித்து, பிரித்துப் பார்த்து, தரநிலையில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது பல வருடங்களாக என் வேலை. அதனால் கம்பியில்லா இணைப்பு, முகவரி, சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றி அழுத்தமாகப் பேச முடியும். சட்டம் என் துறை இல்லை. தயாரிப்பாளர்களின் சர்வர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதும் வெளியே வந்த செய்திகளின் அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

முதலில், கார் என்ன பேசுகிறது என்று பார்த்துவிடலாம். இந்த வகைத் தொடர்புக்கு இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று வைஃபையிலிருந்து வந்தது: 2010-ல் ஒப்புதல் பெற்ற ஐஇஇஇ 802.11பி என்ற தரநிலை. மற்றொன்று கைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து வந்த சி-வி2எக்ஸ். இரண்டுமே பெரும்பாலும் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. உங்கள் போன் வீட்டு வைஃபையில் சேரும்போது கடவுச்சொல் கேட்கும், கைகுலுக்கும், ரகசியச் சாவி பரிமாறிக்கொள்ளும். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. ஒன்றின் ரேடியோ எல்லைக்குள் மற்றொன்று இருப்பதே சில நொடிகள்தான். அதனால் 802.11பி அந்தச் சடங்கு முழுவதையும் விட்டுவிட்டது. யாரும் யாரோடும் சேர வேண்டாம். பேசுபவர் பொதுவில் பேசுவார், காதுள்ள எல்லாரும் கேட்கலாம்.

அப்படிப் பொதுவில் சொல்லப்படுவது என்ன? அமெரிக்க முறையில் அடிப்படைப் பாதுகாப்புச் செய்தி என்று ஒன்று, வழக்கமாக நொடிக்கு 10 முறை. ஐரோப்பிய முறையில் வண்டியின் வேகமும் திசையும் மாறுவதைப் பொறுத்து நொடிக்கு 1 முதல் 10 முறை வரை. வண்டி இருக்கும் இடம், வேகம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, பிரேக் மிதித்திருக்கிறதா, வண்டியின் நீள அகலம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை மறையாக்கம் செய்வதில்லை, அதாவது பிறர் படிக்க முடியாதபடி சங்கேதமாக்குவதில்லை. அது யாரோ மறந்துவிட்டதால் வந்த ஓட்டை அல்ல, வேண்டுமென்றே எடுத்த முடிவு. வளைவுக்கு அப்பால் திடீரென்று பிரேக் போட்ட காரின் செய்தி, முன்பின் தெரியாத உங்கள் காருக்கு உடனே புரிந்தாக வேண்டும். பொய்ச் செய்தியைத் தடுக்க எலக்ட்ரானிக் கையொப்பம் மட்டும் இருக்கும். ஆக, சில நூறு மீட்டர் தூரத்துக்குள் சரியான ரிசீவர் வைத்திருக்கும் எவரும் இதைப் படிக்கலாம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எங்கள் சோதனைக் கூடத்தில் தினமும் செய்வதே அதுதான்.

பெயரோ பதிவு எண்ணோ அந்தச் செய்தியில் கிடையாது. ஆனால் ஒரே வண்டியை மறுபடி மறுபடி அடையாளம் காணப் பெயர் தேவையில்லை, மாறாத ஏதாவது ஓர் எண் போதும். அந்த எண்கள் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். கீழ்த்தட்டில், ரேடியோக் கருவிக்கே உரிய எண்ணான மேக் முகவரி இருக்கிறது, 48 பிட். தொழிற்சாலையில் கொடுத்த முகவரியாக இருந்தால் அதன் முதல் 24 பிட் தயாரிப்பாளரையும் சொல்லிவிடும். அதற்கு மேலே, ஐரோப்பிய முறையில், புவியியல் அடிப்படையிலான வழிப்படுத்தலுக்கு ஒரு முகவரி. அதற்குள்ளும் 48 பிட்டுக்கு ஓர் அடையாளம் உட்கார்ந்திருக்கும். செய்திக்குள்ளே வண்டிக்கான தற்காலிக எண். செய்தியோடு வரும், கையொப்பம் செல்லும் என்று உறுதிசொல்லும் சான்றிதழ், அல்லது அதன் 8 பைட் சுருக்கம். அமெரிக்கச் செய்தியில் 0 முதல் 127 வரை ஏறிக்கொண்டே போகும் செய்தி வரிசை எண் வேறு. வைஃபைச் சட்டகத்துக்கென்று (ரேடியோ ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) தனியாக 0 முதல் 4095 வரை ஓடும் இன்னொரு வரிசை எண்ணும் உண்டு.

இவை எல்லாம் ஒரே கணத்தில் மாற வேண்டும். தரநிலைகளும் அதைத்தான் சொல்கின்றன. மேக் முகவரி இந்த நொடியில் மாறி, தற்காலிக எண் முக்கால் நொடி கழித்து மாறினால் என்ன ஆகும்? இடைப்பட்ட ஏழெட்டுச் செய்திகளில் புது மேக்கும் பழைய தற்காலிக எண்ணும் சேர்ந்தே வரும். பழைய அடையாளத்தையும் புதியதையும் முடிச்சுப் போட அதில் ஒரே ஒரு செய்தி போதும். வரிசை எண் 57-ல் இருந்து, முகவரி மாறியபின் 58-ல் தொடர்ந்தாலும் அதே கதைதான். என் அனுபவத்தில் பிழைகள் அதிகம் மாட்டுவது இங்கேதான். காரணமும் எளிது. ரேடியோச் சில்லு ஒருவருடையது, நெட்வொர்க் மென்பொருள் இன்னொருவருடையது, சான்றிதழைக் கையாளும் பகுதி மூன்றாமவருடையது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சோதனையில் தேறிவிடும். மூன்றும் ஒரே கணத்தில் மாறுகின்றனவா என்பது காற்றில் பாக்கெட் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இணைய முகவரி முறையான ஐபிவி6 வந்தால் இன்னொரு அடுக்கு சேருகிறது. விபத்துத் தடுப்புச் செய்திகள் ஐபி வழியாகப் போவதில்லை. ஆனால் வரைபடம், கட்டணம், மென்பொருள் புதுப்பிப்பு போன்ற சேவைகளுக்கு ஐபி வேண்டும். 802.11-இன் இந்தச் சேராத முறையில் ஐபிவி6-ஐ எப்படி ஓட்டுவது என்பதை இணையத் தரநிலைகளை எழுதும் ஐஈடிஎஃப் அமைப்பு 2019-ல் ஆர்எஃப்சி 8691 என்ற ஆவணமாக வெளியிட்டது. பழைய வழக்கப்படி ஐபிவி6 முகவரியின் பின்பாதி 64 பிட்டை மேக் முகவரியிலிருந்தே உருவாக்குவார்கள்: மேக்கை இரண்டாக வெட்டி, நடுவில் எஃப்எஃப்எஃப்ஈ என்ற நிரப்பியைச் செருகி, ஒரு பிட்டைத் திருப்பிப் போடுவார்கள். இதைப் பார்த்தால் பள்ளி மாணவன்கூட மேக் முகவரியை மீட்டுவிடுவான். அப்படிச் செய்தால் மேக் முகவரி தன் ரேடியோ எல்லையையும் தாண்டி, இணையத்தின் மறுமுனையில் உள்ள சர்வர் வரை போய்விடும். அதனால் இப்போது பரிந்துரைப்பது, ரகசியச் சாவியோடு கலந்து உருவாக்கிய பொருளற்ற எண். ஆர்எஃப்சி 7217 விவரிப்பது அதைத்தான்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. வண்டிகளைப் பொறுத்தவரை அதிகம் பேசப்படாதது. அந்த முறை, நெட்வொர்க்கின் முன்னொட்டு (முகவரியின் முன்பாதி) மாறினால் முகவரியும் மாறும், அதே நெட்வொர்க்கில் இருக்கும்வரை மாறாது என்ற கணக்கில் எழுதப்பட்டது. மடிக்கணினிக்கு அது அருமையாகப் பொருந்தும்: வீட்டில் ஒரு முகவரி, அலுவலகத்தில் வேறு. வண்டிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும்போது பயன்படும் உள்ளிணைப்பு முகவரியின் முன்னொட்டு உலகம் முழுக்க ஒன்றேதான். சேர்வதற்கு நெட்வொர்க் பெயரும் கிடையாது. கணக்கில் போடும் உள்ளீடு எதுவும் மாறாவிட்டால் விடையும் மாறாது. எனவே மேக் மாறும்போது இந்த முகவரியையும் வலிந்து மாற்றவைக்க வேண்டும். "ஆர்எஃப்சி 7217-ஐப் பின்பற்றுகிறோம், தனியுரிமை பத்திரம்" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

மென்பொருளால் எட்ட முடியாத அடுக்கும் ஒன்று உண்டு. வைஃபை ரேடியோ அனுப்பும் பிட்டுகளை ஒரு கலக்கி வழியாகக் கலைத்து அனுப்பும். அந்தக் கலக்கியின் தொடக்க நிலை 7 பிட் எண். ஒவ்வொரு சட்டகத்துக்கும் அது ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். சில சில்லுகளில் அடுத்த எண் முந்தையதிலிருந்து கணிக்கக்கூடியதாக இருந்ததை ஆய்வாளர்கள் காட்டி, அதைக் கொண்டே வண்டியைத் தொடரலாம் என்று நிறுவினார்கள். மேலே எத்தனை முகவரியை மாற்றினாலும் இந்த எண்ணுக்கு அது தெரியாது. இன்னும் கீழே போனால் ரேடியோ வன்பொருளின் கைரேகை: ஒரே மாதிரியான 130-க்கும் மேற்பட்ட வைஃபை அட்டைகளை, அவற்றின் அலையில் உள்ள நுண்ணிய பிசிறுகளை வைத்து 99 சதவீதத்துக்கும் மேலான துல்லியத்தோடு பிரித்தறிந்து 2008-லேயே காட்டினார்கள். அது ஆய்வுக்கூடத்தில், நல்ல கருவியோடு செய்தது. சாலையில் வேகமாக ஓடும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் அதே துல்லியம் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதை உறுதியான ஆபத்து என்று சொல்லமாட்டேன்.

சரி, எல்லா அடுக்கும் ஒரே கணத்தில் ஒழுங்காக மாறிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் செய்தியின் உள்ளடக்கமே காட்டிக்கொடுக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். நொடிக்கு 10 செய்தி என்றால் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையே வண்டி நகர்வது 2 மீட்டர், அதாவது தன் நீளத்தில் பாதிகூட இல்லை. ஓர் அடையாளம் ஓரிடத்தில் மறைகிறது. பத்தில் ஒரு நொடி கழித்து 2 மீட்டர் முன்னால், அதே வேகத்தில், அதே திசையில், அதே நீள அகலத்தோடு புது அடையாளம் ஒன்று முளைக்கிறது. இது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். ஆளில்லாத தெருவில் நம் கண்ணெதிரே நடந்தபடியே ஒருவர் சட்டையை மாற்றிக்கொள்வது போலத்தான். விமானங்களைப் பின்தொடர ராடாரில் பயன்படும் பழைய கணிப்பு முறைகளையே வண்டிகள் மீது போட்டுப் பார்த்து, வெறும் அடையாள மாற்றம் போதாது என்று 2010-ல் ஓர் ஆய்வு தெளிவாகவே சொல்லிவிட்டது. எல்லாச் செய்தியையும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எதிராக இந்த ஏற்பாடு பலிக்காது. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நீள அகலம் பற்றி ஓர் இடைக்குறிப்பு. ஐரோப்பியச் செய்தியில் அதன் நுணுக்கம் 10 சென்டிமீட்டர், அமெரிக்கச் செய்தியில் 1 சென்டிமீட்டர். பரவலாக விற்கும் மாடல் என்றால் கூட்டத்தில் கலந்துவிடலாம். அரிதான மாடலோ, மாற்றி வடிவமைத்த வண்டியோ என்றால் நீள அகலமே அடையாள அட்டை. செய்தியில் சில சமயம் சேர்ந்து வரும் கடந்துவந்த தடமும் அப்படித்தான். அடையாளம் மாறும்போது தடத்தையும் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புது அடையாளம் வாய் திறந்த உடனேயே பழைய பாதையை ஒப்பித்துவிடும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அடையாளம் மாறும்போது கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பது ஒரு வழி. பல வண்டிகள் கூடும் சந்திப்பில் எல்லாம் ஒன்றாக மாறிக்கொள்வது இன்னொரு வழி. கலப்பு மண்டலம் என்ற இந்த எண்ணத்தை 2003-லேயே முன்வைத்துவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், வண்டிகள் கூடும் சந்திப்பில்தான் மோதலும் நடக்கும். மூன்று நொடி மௌனம் தனியுரிமைக்கு நல்லது, மோதலைத் தவிர்க்க எழுதிய மென்பொருளுக்கு அது குருட்டுத்தனம். அதனால்தான் அவசர நிலையில் அடையாளத்தை மாற்றாதே என்றும் விதி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பா தனியுரிமையா என்ற இழுபறியில் தரநிலை எழுதுபவர்கள் பெரும்பாலும் பாதுகாப்பின் பக்கம் சாய்வார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்வேன்.

சான்றிதழ்களின் கணக்கைப் பார்த்தால் விற்பனையாளர் சொன்ன சில நிமிடம் எங்கிருந்து வந்தது என்று புரியும். அமெரிக்க வடிவமைப்பில் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள், அதாவது வண்டியின் உண்மை அடையாளத்தைச் சொல்லாத தற்காலிகச் சான்றிதழ்கள். வழக்கமான மாற்ற இடைவெளி 5 நிமிடம். 20-ஐ 5-ஆல் பெருக்கினால் 100 நிமிடம். வாரத்துக்கு அதற்கு மேல் வண்டி ஓட்டினால், ஏற்கெனவே காட்டிய முகங்களையே திரும்பக் காட்டியாக வேண்டும். தினமும் வேலைக்குப் போக அரை மணி, வர அரை மணி நேரம் ஓட்டுபவருக்கு இரண்டாவது நாளே முகங்கள் தீர்ந்துவிடும். ஐரோப்பாவில் வாரத்துக்கு 100 வரை அனுமதி. ஏன் ஆயிரக்கணக்கில் கொடுக்கவில்லை என்றால், ஒரே வண்டி ஒரே நேரத்தில் நூறு வண்டிகள் போல நடித்துப் போலி நெரிசலை உருவாக்கிவிடலாம் என்ற பயம். கூடவே சேமிப்பும் செலவும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பக்கம் இன்னொரு நல்ல பழக்கம் இருக்கிறது. வண்டி கிளம்பும்போது ஒருமுறை மாற்றி, அப்புறம் 800 முதல் 1500 மீட்டருக்குள் ஏதோ ஓரிடத்தில் இன்னொரு முறை மாற்றுவார்கள். வீட்டு வாசலில் காட்டிய முகத்தைப் பெரிய சாலையில் காட்டாமல் இருக்க அது. நிமிடத்தை மட்டும் எண்ணுவதைவிட இது புத்திசாலித்தனம். ஏனென்றால் பயணத்தின் இரண்டு முனைகள்தான் ஆளை அடையாளம் காட்டும்.

இப்போது கேட்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். இதை விட்டுவிட்டுப் பேசினால் நண்பர் சொல்வதும் விற்பனையாளர் சொல்வதும் ஒரே அளவுக்கு உண்மையாகத் தோன்றும். ஊர் முழுக்கச் சந்துக்குச் சந்து ரிசீவர் வைத்திருப்பவருக்கு முன்னால் அடையாள மாற்றம் செல்லாது. இரண்டே இடத்தில், பல கிலோமீட்டர் இடைவெளியில் கேட்பவருக்கு முன்னால் அது நன்றாகவே வேலை செய்யும். நடுவில் பத்து நிமிடமும் நூற்றுக்கணக்கான வண்டிகளும் இருந்தால் பழைய அடையாளத்தையும் புதியதையும் இணைக்கும் முடிச்சு அவிழ்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு விழுகிறது? நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வளாகத்தில் 2015 வாக்கில் ஒரு வண்டியை வைத்து நிஜமாகவே செய்து பார்த்தார்கள். வெறும் இரண்டு சந்திப்புகளில் கேட்டே, வண்டி வளாகத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை நான்கில் மூன்று முறைக்கும் மேல் சரியாகச் சொல்ல முடிந்தது. எந்தச் சாலை என்று சொல்வதற்கு இன்னும் நிறைய ரிசீவர்கள் தேவைப்பட்டன. வளாகம் சின்னது என்பதை மறக்கக் கூடாது. ஒரு பெருநகரத்துக்கு எத்தனை வேண்டும் என்பதற்குக் கணினி உருவகங்கள் ஆளுக்கொரு விடை சொல்கின்றன. எத்தனை வண்டிகளில் இந்தக் கருவி இருக்கும், கட்டடங்கள் அலையை எவ்வளவு தடுக்கும் என்று எடுத்துக்கொள்வதைப் பொறுத்து விடை மாறுகிறது. எந்த ஒற்றை எண்ணையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தனி ஆள் ஒருவர் அத்தனை ரிசீவர் வைப்பது கடினம். சிக்னல் கம்பங்களில் இதே தொடர்புக்காகச் சட்டப்படி பொருத்தப்படும் சாலையோரக் கருவிகளை நடத்துபவரிடம் அந்த வலை ஏற்கெனவே கையில் இருக்கும். அவர் கேட்டதைச் சேமிக்கிறாரா, எத்தனை நாள், யாரோடு பகிர்கிறார் என்பதைத் தரநிலை முடிவு செய்வதில்லை. ஒப்பந்தமும் சட்டமும்தான் முடிவு செய்யும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் குழு 2017-ல் இந்தச் செய்திகளைத் தனிநபர் தரவு என்றே கருத வேண்டும் என்று கருத்துச் சொன்னது. தொழில்நுட்பக் கண்ணில் அது சரியான முடிவு. 15 லட்சம் பேரின் கைபேசி இடத்தரவை வைத்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் கிடைத்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடிந்தது. அது மணி நேரக் கணக்கும் கைபேசிக் கோபுர அளவுத் துல்லியமும்தான். இங்கே நொடிக்குப் பத்து முறை, மீட்டர் அளவில்.

உள்ளே இருப்பவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். சான்றிதழ் கொடுப்பவர் நினைத்தால் எந்தப் புனைபெயர் யாருடையது என்று பார்த்துவிட முடியாதா? அமெரிக்க வடிவமைப்பு இதை மிகக் கவனமாக யோசித்திருக்கிறது. வண்டியைத் தெரிந்தவர் ஒருவர், சான்றிதழைத் தெரிந்தவர் வேறொருவர், இரண்டையும் இணைக்கும் எண்ணில் பாதி ஒருவரிடம், மீதிப் பாதி இன்னொருவரிடம். பொய்ச் செய்தி அனுப்பும் வண்டியை முடக்க மட்டும் எல்லாரும் கைகோப்பார்கள். காகிதத்தில் அழகு என்று மனமாரச் சொல்வேன். ஆனால் அந்த நான்கு பேரும் ஒரே நிறுவனத்தின் நான்கு அறைகளாக இருந்தால் அந்தப் பிரிவினைக்கு எவ்வளவு மதிப்பு என்பது கணிதத்தால் தீரும் கேள்வி இல்லை.

சி-வி2எக்ஸ் வந்தால் இதெல்லாம் தீருமா என்று அடுத்து கேட்பீர்கள். அமெரிக்காவில் 2020-ல் 5.9 கிகாஹெர்ட்ஸில் இருந்த 75 மெகாஹெர்ட்ஸில் 45-ஐப் பொது வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மீதி 30-ஐ அந்தத் தொழில்நுட்பத்துக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். அதில் மேக் முகவரிக்குப் பதில் 24 பிட் அடையாளம் ஒன்று இருக்கிறது. மேலே உள்ள பயன்பாடு சொல்லும்போது மாறும். செய்தியின் உள்ளடக்கம் அதேதான், கையொப்ப முறையும் அதேதான். ஆகவே மேலே சொன்ன அத்தனையும் அப்படியே பொருந்தும். கூடுதலாக, வண்டியில் சிம் இருந்து, கைபேசிக் கோபுரத்தோடும் பேசினால், அந்த வலையமைப்பை நடத்துபவருக்கு வண்டி எங்கே இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும்.

நண்பர் தவறான ரேடியோவைக் காட்டுகிறார் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். உங்கள் காரின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் காற்றழுத்தம் சொல்லும் சென்சார் இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியோவில் அனுப்பும் வகை என்றால் ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 28 அல்லது 32 பிட் எண் ஒன்று உண்டு. வாழ்நாள் முழுக்க அது மாறாது, மறையாக்கமும் கிடையாது. அதை 40 மீட்டர் வரை தூரத்திலிருந்து படிக்கலாம் என்று 2010-ல் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான்கு சக்கரம், நான்கு மாறாத எண்கள். காருக்குள் இருக்கும் வைஃபை ஹாட்ஸ்பாட், கிட்டத்தட்ட பத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை தன் பெயரையும் முகவரியையும் கூவிக்கொண்டே போகும். போன்கள் 2014 முதல் படிப்படியாக மேக் முகவரியை மாற்றக் கற்றுக்கொண்டன. நான் பார்த்த கார் ஹாட்ஸ்பாட்டுகள் பல அதைக் கற்றுக்கொள்ளவில்லை. புளூடூத்தும் அப்படியே. வண்டிகளுக்கிடையிலான தொடர்பின் தரநிலையை எழுதியவர்கள் தனியுரிமையைப் பற்றிப் பல வருடம் சண்டை போட்டார்கள், அரைகுறையாகவாவது ஒரு தடுப்பு வைத்தார்கள். இந்த மற்ற ரேடியோக்களில் அந்தப் பேச்சே எழவில்லை. மலிவான ரிசீவர் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் வண்டியைக் குறிவைத்தால், மாறிக்கொண்டே இருக்கும் ரேடியோவை விட்டுவிட்டு மாறாத ரேடியோவைத்தான் கேட்பார்.

அதைவிடப் பெரியது, கார் தன் தயாரிப்பாளருக்கு அனுப்பும் தரவு. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 லட்சம் மின்சார வண்டிகளின் தரவு பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்தது செய்தியானது. அதில் லட்சக்கணக்கான வண்டிகளுக்குத் துல்லியமான இட விவரமும் இருந்தது. அதற்கு ஆன்டெனா, புனைபெயர் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சர்வரின் கதவு பூட்டாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

நம்பர் பிளேட்டைத்தான் எல்லாரும் பார்க்கலாமே, இதில் என்ன புதிது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசுக்கு உங்களைத் தொடர வேண்டுமென்றால் கேமராவே எளிது, பிளேட்டில் இருந்து பெயர் நேராகக் கிடைத்துவிடும். ஆனால் கேமராவுக்கு நேர்ப்பார்வை வேண்டும், வெளிச்சம் வேண்டும், ஒவ்வொரு சாலைக்கும் ஒன்று வேண்டும். ரேடியோ சுவரைத் தாண்டும், இருட்டில் கேட்கும், ரிசீவரை ஒரு பையில் போட்டு வைத்துவிடலாம். கேமரா வலையோ, பிளேட்டிலிருந்து பெயரைத் தேடும் உரிமையோ இல்லாத தனி ஆட்களுக்குக் கதவு திறப்பதுதான் இதில் புதிது.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் வண்டிகளுக்கிடையிலான தொடர்பை அணைக்க மாட்டேன். அது தரும் எச்சரிக்கை, அது எடுக்கும் தனியுரிமையைவிட எனக்கு மதிப்பு அதிகம். இது என் தராசு. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவருக்கோ, மிரட்டலுக்கு உள்ளாகும் பத்திரிகையாளருக்கோ தராசு வேறு பக்கம் சாயலாம். பயன்படுத்தாத ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுவேன். பயன்படுத்தினால் அதன் பெயரில் என் பெயரோ வண்டி எண்ணோ இல்லாமல் பார்த்துக்கொள்வேன். தயாரிப்பாளரின் இணைப்புச் சேவைகளில் இடத்தைப் பகிரும் ஒப்புதலைத் தேடிப் பிடித்து, தேவையில்லாததை நீக்குவேன். சக்கர சென்சாரைத் தொட மாட்டேன், அது உயிர் காக்கும் சாமான். விற்பனையாளரிடம் மேலும் கேட்டுப் பயனில்லை. மேக், ஐபிவி6, தற்காலிக எண், சான்றிதழ் நான்கும் ஒரே கணத்தில் மாறுகின்றனவா, வண்டி கிளம்பும்போதும் மாறுகின்றனவா, இடத்தரவு சர்வரில் எத்தனை நாள் இருக்கும் என்று தயாரிப்பாளருக்கே எழுத்தில் கேளுங்கள். பழைய கார் வாங்குவதாக இருந்தால், முந்தைய உரிமையாளரின் கணக்கு வண்டியிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அவர் தன் போனிலேயே உங்கள் கார் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது நீங்களே ஒன்றைச் சோதிக்கலாம். கார் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, வைஃபைகளை அலசிக் காட்டும் இலவசச் செயலி ஒன்றில் அதன் 12 எழுத்து முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை முழுவதும் அணைத்து, இன்னொரு நாள் போய் மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்த வண்டியில் முதலில் அணைக்க வேண்டிய ரேடியோ அதுதான்.